நாகராஜன் அண்ணன் எடுக்கவிடாத டிக்

நாகராஜன் அண்ணனின் மனைவியிடமிருந்து போன் வந்தபோது, முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் எங்கள் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். "காபி குடிச்சிட்டுச் சித்த படுக்கிறேன்னாங்க. எழுந்திரிக்கல தம்பி" என்றார். ஷட்டரை இறக்கிவிட்டு நடந்தேன். இரங்கல் கூட்டத்தில் கடைத்தெருக்காரர்களான நீங்கள் என்னைப் பேசச் சொன்னீர்கள். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினோரு வருடம் ஒரே கடையில் இருந்தோம். அவர் டைப் செய்வார், நான் அச்சடிப்பேன். வாடிக்கையாளருக்குச் சரிபார்க்க வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபைலில் அச்சிட முடியாதபடி தடை வைத்துவிடுவார். நம் பக்கத்து டைப்பிங் கடைகளில் இது வழக்கம்தான். இல்லையென்றால் ஃபைலோடு வேறு பிரஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை தடை வைக்க மறந்துவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து செய்த காதணி விழாப் பத்திரிகை, கும்பகோணத்தில் அச்சாகி எங்கள் கடைக்கே அழைப்பாக வந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, "வத்தக்குழம்பு நல்லாருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஃபைலைத் திறக்கும் மென்பொருளில் 'தடைகளை மதிக்கவும்' என்று டிக் போட்ட ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால், யார் வைத்த தடையையும் மீறி அச்சடிக்கலாம். அண்ணன் எடுக்க விடமாட்டார். "எழுதுனவரு வேணாம்னு வச்சிருக்காரு. திறந்து காட்டுற சாமானுக்கு அதை மீற என்ன உரிமை?" என்பார். "அது நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கு. நமக்கு வேலை பார்க்கணுமா, எங்கேயோ இருக்கிறவருக்குக் காவல் காக்கணுமா?" என்பேன். டீ வரும்வரை இது ஓடும்.

ஒருநாள் நான்கு மணிக்கு மல்லிகா வந்தார். அவருடைய வயலை ஒட்டி இறால் குட்டை வெட்டப் போகிறார்கள். உப்புத் தண்ணீர் கசிந்தால் நெல் போச்சு. தாலுகா ஆபீசில் ஆட்சேபம் கொடுக்க அன்று ஐந்து மணி கடைசி. மனுவைத் திருத்துறைப்பூண்டியில் ஒரு கடையில் டைப் செய்து வாங்கியிருந்தார். போனில் இருந்த ஃபைலை எங்கள் இரண்டு கணினியிலும் திறந்தோம். வழக்கம்போலத் தடை. காசு வாங்கிய பிறகும் அந்தக் கடைக்காரர்கள் அதை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அண்ணன் அந்தக் கடைக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். மூன்று முறை போட்டார். பிறகு மல்லிகாவிடம், "இதுல உள்ளது யாரு சொன்னது?" என்றார்.

"நாங்க சொன்னதுதாங்க சார்."

"அப்ப எழுதுனவங்க நீங்கதான். உட்காருங்க, நான் திரும்ப அடிச்சுத் தர்றேன்."

"அண்ணே, டிக்கை எடுங்க" என்றேன். கேட்கவில்லை. ஒன்பது பக்கம், அத்தனை சர்வே நம்பர், அத்தனை பெயர். அவ்வளவு வேகமாக அவர் அடித்து நான் பார்த்ததில்லை. அச்சடித்ததும் மல்லிகாவைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். ஐந்தேகாலுக்குத் திரும்பி வந்தார், நேரம் முடிந்ததென்று வாங்காத மனு கையிலேயே இருந்தது.

குட்டை வந்தது. அடுத்த சம்பாவில் மல்லிகாவின் பயிர் நுனி கருகி நின்றது. அண்ணன் தன் கையாலேயே அந்த டிக்கை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டையே இல்லை. டீ குடிப்பது கூடச் சலித்துப்போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம், "என் பிடிவாதத்தால ஒரு வயல் போச்சு" என்றார். நீங்களும் நம்பினீர்கள்.

முழுதும் அப்படியில்லை. அவர் அடித்துக்கொண்டிருந்த ஐம்பது நிமிடமும் அதே ஃபைல் என் கணினியிலும் திறந்திருந்தது. ஒரு டிக்கை எடுத்தால் போதும். அவரிடம் கேட்கவே வேண்டியதில்லை. மல்லிகா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இன்றைக்காவது அண்ணனுக்குப் புத்தி வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்த மல்லிகா, "எனக்காக எப்புடி அடிச்சாரு மனுசன்" என்று அழுதார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணனுடைய மேசை, நாற்காலி எல்லாம் அவர் வீட்டுக்குப் போகும். தன் தப்பு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.