11.14: புருவம் உயர்ந்தது

2009 ஜூன் 17: மதிப்பெண் 00.
ஜூன் 22: முறையீடு, 1 பக்கம்.
ஜூன் 30: என் விளக்கம், 2 பக்கம்.
ஆகஸ்ட் 12: மறுதேர்வு, 24 நிமிடம்.

பிபாலுக் குரூசே கிரீன்லாந்தின் உப்பர்னாவிக்கில் பிறந்தவள். பதினோரு வயதில் தாயுடன் டென்மார்க்கின் ஓல்போர் நகருக்கு வந்தாள். காலையில் வயதுவந்தோர் பள்ளி, மாலையில் முதியோர் இல்லத்தில் வேலை. கிரீன்லாந்துத் தலைநகர் நூக்கில் உள்ள செவிலியர் கல்லூரியில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். டேனிஷ் வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் அது நிலைக்கும்.

கேள்வி கேட்டவர் அவளுடைய ஆசிரியை பிர்த்தா. நான் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். நிமிடம் தவறாமல் குறித்துக்கொள்வேன்.

பச்சைத் துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கேள்விச் சீட்டுகளில் ஒன்றைப் பிபாலுக் எடுத்தாள்.

"நாலா? எங்க வீடும் நாலாவது மாடிதான். லிஃப்ட் வேலை செய்யாது," என்றாள். அவள் மட்டுமே சிரித்தாள்.

நான்காம் கேள்வி, வகுப்பில் பார்த்த திரைப்படத்தின் கடைசிக் காட்சி. கிரீன்லாந்துச் சிறுமி ஒருத்தி, முன்பின் அறியாத டேனிஷ் அப்பாவுடன் ஒரு கோடையைக் கழிக்கிறாள். துறைமுகத்தில் அவர், "என்கூடவே இருந்துடுறியா?" என்கிறார். அவள் வாய் திறப்பதில்லை. படம் முடிகிறது.

பிபாலுக் பேசத் தொடங்கினாள். அப்பாவின் பெரிய மேல்கோட்டு ஒரு குறியீடு என்று சொல்லி, அதற்குமேல் நகரவில்லை.

"சரி, அந்தக் கடைசி மௌனம்? தன் அடையாளத்தையே தொலைச்சுட்டாங்கிறதைத்தானே காட்டுது?" என்றார் பிர்த்தா.

பிபாலுக் மூக்கைச் சுருக்கினாள்.

"பதில் சொல்லும்மா."

"அவ பேசாம இல்ல, பிர்த்தா. பதில் சொல்லிட்டா."

"அஞ்சு தடவை பாத்தேன். எனக்கு மட்டும் கேக்கலையா?"

"கேக்காது. பாக்கணும்."

"அப்போ, இருக்கேன்னு சொன்னாளா?"

பிபாலுக் புருவத்தை உயர்த்தினாள்.

"வாயைத் திறந்து சொல்லேன்!"

மீண்டும் உயர்த்தினாள், இன்னும் மேலே. காதுமடல் சிவந்திருந்தது. பிர்த்தா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைக் காட்டினேன்.

முடிவை இருவரும் சேர்ந்தே எடுத்தோம். தோல்வி.

"சொன்னேனே," என்றாள் பிபாலுக். வெளியே அவளை வாழ்த்தக் காகிதக் கொடியுடன் நின்ற அவள் தாய், அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

'நான் மௌனமாக இருந்ததாகச் சொல்கிறார்கள். இருக்கவில்லை' என்று முறையீட்டில் எழுதியிருந்தாள். பள்ளி என் குறிப்புகளைக் கேட்டது. எடுத்துப் பார்த்தேன். 11.12: மூக்கைச் சுருக்கினாள். 11.14: புருவம் உயர்ந்தது. 11.14: மறுபடியும். எல்லாம் சரியாகக் குறித்திருந்தேன். ஒன்றும் புரிந்துகொண்டிருக்கவில்லை. நூலகத்தில் அந்தப் படத்தை வாங்கிக் கடைசிக் காட்சியை மீண்டும் போட்டேன். அப்பா கேட்டு முடித்ததும் அந்தச் சிறுமியின் புருவமும் உயர்ந்தது.

கிரீன்லாந்துக்காரர் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண்மணி என்னை முடிக்கவே விடவில்லை.

"புருவம் தூக்குனா ஆமா, மூக்கு சுருக்குனா இல்ல. எங்க ஊர்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும். முந்நூறு வருசமா எங்ககூட இருக்கீங்களே, எங்க மூஞ்சியப் பாத்ததே இல்லையா ஐயா?"

கேட்ட கேள்விகளுக்கு அவள் பதில் சொன்னாள், தவறு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தேன். கல்லூரி ஆகஸ்ட் 14 வரைதான் காத்திருக்கும். மறுதேர்வுக்கு வேறு இருவர் உட்கார்ந்தார்கள். அவள் பெற்றது 12-க்கு 10.

இடம் கிடைத்ததா என்று கேட்டு ஓர் அட்டை போட்டேன். நூக்கிலிருந்து வந்த உறையில் ஒரு வரிகூட இல்லை. ஒரு புகைப்படம் மட்டும். கல்லூரி வாசலில் வெள்ளை உடுப்பில் நிற்கிறாள். இரண்டு புருவங்களும் நெற்றியில் ஏறியிருக்கின்றன.

வந்து சேர்ந்த நாள்: 2009 செப்டம்பர் 3.