கப்பலை நிமிர்த்தி வைத்தவர்

கம்பெனிப் பதிவேட்டில் டூகல் மெக்கெரலின் உத்தியோகம் ‘மாலுமி’ என்றுதான் இருந்தது. ஆனால் ‘லேடி கார்வி’ என்ற உல்லாசக் கப்பலில் இருபத்திரண்டு கோடைக்காலம் அவர் பார்த்த வேலை வேறு. ஆயிரம் பேரைப் பார்த்து “கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க” என்று சொல்வது. ஒருவரும் போனதில்லை.

துடுப்புச் சக்கரக் கப்பலின் சுபாவம் அப்படி. பக்கத்துக்கு ஒரு சக்கரம். கிளாஸ்கோவிலிருந்து விடுமுறைக்கு வரும் ஜனம், துறை கண்ணில் பட்டதும் முதலில் இறங்கிவிட வேண்டுமென்று மொத்தமாகத் துறைப்பக்கம் பாயும். கப்பல் சாயும். ஒரு சக்கரம் நீரில் முங்கும், மற்றது காற்றைக் கடையும். மேலேயிருந்து கேப்டன் “டூகல்” என்பார். அந்த ஒரு சொல்லில் எல்லா உத்தரவும் அடக்கம். உடனே டூகல், இரும்புச் சங்கிலி நிரப்பிய ஒரு தள்ளுவண்டியை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். கப்பல் சாய்ந்திருப்பதால் எப்போதும் மேட்டில்தான் தள்ள வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தால், வண்டியில் என்ன இருக்கிறதென்று பார்க்கக் கூட்டம் பின்னாலேயே வரும். பிறகு அதை இந்தப் பக்கம் தள்ள வேண்டும்.

பயணிகளில் அவர் மதித்தது ஒரு சாராரை மட்டுமே. ‘எஞ்சினைப் பார்த்துட்டு வரேன்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, எஞ்சின் அறைக்குப் பக்கத்திலிருக்கும் மதுக்கூடத்தில் உட்கார்ந்துவிடும் ஆண்கள். கப்பலின் அடியில், சரியாக நடுவில், கடைசிவரை அசையாமல் இருப்பார்கள். “பயணின்னா அவங்கதான்” என்பார் டூகல்.

இதற்கிடையே, கார்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் கார் ஃபெர்ரி வந்தது. ஜனங்கள் கார் வாங்கினார்கள். கார் வாங்கியவர்கள் வேடிக்கைக்காகக் கடலில் சுற்றுவதை விட்டுவிட்டு, அதில் ஏறி அக்கரை போய், அங்கிருந்து நெடுஞ்சாலையில் வேடிக்கை பார்க்கப் போனார்கள். 1964 செப்டம்பரோடு லேடி கார்வியை நிறுத்திவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. ஃபெர்ரியின் கார்த் தளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார், கப்பல் நின்றால் அந்த இடம் டூகலுக்கு. நிற்காவிட்டால் பென்ஷன் வரும்வரை இன்னும் எட்டு வருஷம் சங்கிலி வண்டி.

எங்கள் துறைமுக ஊரான கில்மோரிக்கில் எல்லோருக்கும் நெஞ்சு வெடித்தது. துணிக்கடை மிஸ் டால்ரிம்பிள் ‘லேடி கார்வி பாதுகாப்புக் குழு’வைத் தொடங்கி, மனுவோடு வீடு வீடாக ஏறினாள். மூன்றாவது கையெழுத்து டூகலுடையது.

அன்று அவர் மனைவி செங்கா, அடுப்பில் மீனைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: “ஏன் மனுஷா, உன் கழுத்துக்கு நீயே கயிறு கேட்டு மனு போட்டிருக்கியே, புத்தி இருக்கா?”

“அந்தம்மா பேனாவைக் கையில குடுத்துட்டா. நான் என்ன பண்ண?”

கடைசிப் பயணம் சனிக்கிழமை. மேற்பார்வையாளர் ராங்கின், கப்பலை நிறுத்தத்தான் வேண்டுமா என்று கம்பெனிக்கு ஓர் அறிக்கை எழுதுவதற்காகக் கப்பலில் வந்திருந்தார். பத்து வருஷமாக இந்தக் கப்பலைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூடக் கைக்குட்டையோடு ஏறினார்கள். ஆயிரத்து நூறு பேர். கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க ராங்கினின் முகம் மலர்ந்தது. இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாம் போலிருக்கிறதே என்று கேப்டனிடம் அவர் சொன்னது டூகலின் காதில் விழுந்தது. டூகல் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். விழாமலிருக்கத்தான்.

மாலை ஆறு மணிக்குக் கில்மோரிக் துறையை நெருங்கினோம். துறையில் பேக்பைப் கோஷ்டி நின்று, கேட்டால் கல்லும் கரைகிற மாதிரி வாசித்தது. ஆயிரத்து நூறு பேரும் இடப்பக்கம் சாய்ந்து கையசைத்தார்கள். கப்பலும் கூடவே சாய்ந்தது. வலது சக்கரம் நீரை விட்டு எழும்பிச் சும்மா சுற்றியது. கப்பல் துறையை விட்டு விலகிப் போயிற்று. கேப்டன் “டூகல்” என்றார். வண்டி போயிற்று. பலனில்லை. இரண்டாம் முயற்சியும் அப்படியே. தயவுசெய்து நகருங்கள் என்று டூகல் மன்றாடியதற்கு, துக்கத்தில் இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்கிறாரே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

அப்போது, பக்கத்தில் கார்கள் ஏறும் சரிவிலிருந்து கிளம்பிய கார் ஃபெர்ரி எங்களுக்கு வலப்பக்கமாக வந்தது. டூகலுக்குக் கத்தத் தெம்பில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னார்:

“அந்தப் பக்கம் ஃபெர்ரி வருது. யாரோ பச்சைக் கலர்ல பெரிய காரு ஒண்ணு ஏத்தியிருக்கான்.”

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சொன்ன பக்கம் ஜனம் போயிற்று. அந்த அவசரத்தில் ஒரு பெண்மணியின் கைக்குட்டை பறந்தது, அவள் கவனிக்கவில்லை. கப்பல் நிமிர்ந்தது. பிறகு வலப்பக்கம் சாயத் தொடங்கியது. அது வேறு விஷயம். எத்தனை கார் பிடிக்கும், பச்சைக் கார் யாருடையது, உள்ளே ஓட்டிக்கொண்டு போகும்போது இடிக்குமா என்று ஒரே விசாரணை. எல்லோருக்கும் முன்னால் மிஸ் டால்ரிம்பிள், பைனாகுலரோடு.

“மூணாவதா நிக்கிறது என்னோடது,” என்றாள் பெருமையாக. “என் தம்பி மகன் கொண்டுபோறான். நாளைக்கு எனக்கு அக்கரையில வண்டி வேணும்.”

ராங்கின் அவள் பக்கத்தில் வந்து நின்றார். “அம்மா, இதுக்கு முன்னாடி இந்தக் கப்பல்ல எப்ப வந்தீங்க?”

மிஸ் டால்ரிம்பிள் யோசித்தாள். “ராஜா இறந்த வருஷம். பன்னண்டு வருஷம் இருக்கும். குடை ஒண்ணு இங்க விட்டுட்டேன்.”

இன்னும் நாலைந்து பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார் ராங்கின். வந்த பதில்களைக் கேட்டுவிட்டு, அறிக்கைக்காக வைத்திருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். வழியனுப்ப வருகிற கூட்டம் வேறு, பயணம் போகிற கூட்டம் வேறு என்று கேப்டனிடம் மெல்லச் சொன்னார். அதற்குள் டூகல் வண்டியை மறுபடி இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

கப்பல் ஒருவழியாகத் துறையைத் தொட்டதும் ராங்கின் அவரிடம் வந்தார். “திங்கக்கிழமை ஃபெர்ரிக்கு வந்துடுப்பா. இந்தக் கப்பல் கதை இன்னையோட முடிஞ்சது. அங்கயும் எடையைச் சமமா வைக்கணும். எந்தக் காரு எங்க நிக்கணும்னு நீதான் சொல்லணும்.”

டூகல் தொப்பியைக் கழற்றினார். “ஒரு சந்தேகம் சார். நான் நிறுத்தினா, அது அங்கேயே நிக்குமா?”

“ஹேண்ட் பிரேக் போட்டா நிக்கும்.”

துறையில் இறங்கியவர்கள் சொன்னார்கள்: அன்றைக்குக் கப்பலில் எத்தனையோ பேர் அழுதார்கள், ஆனால் உண்மையாக அழுதது டூகல் ஒருவர்தான், எத்தனை விசுவாசம் பார் என்று.

திங்கட்கிழமை இடப்பக்கம் எட்டுக் கார், வலப்பக்கம் ஆறு காரும் ஒரு நிலக்கரி லாரியும். ஃபெர்ரி மேஜை மாதிரி மட்டமாகப் போயிற்று. டூகல் கைகட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை திரும்பிப் பார்த்தார். ஒரு கார்கூட நகரவில்லை. கடைசியில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் தலையைத் தூக்கினார்.

ராத்திரிச் சாப்பாட்டில் செங்காவிடம் சொன்னார்: “நம்ம ஊருக்கு எதிர்த்தாப்பல ஒரு மலை இருக்கு தெரியுமா? நல்லாத்தான் இருக்கு.”