மொழிபெயர்க்காமல் விட்ட பஸ்

பின்னாளில் வேலை என்னைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு, இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஏதோ பெரிய லட்சியத்தை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். நடந்தது என்னவோ, நான் ஒரு தப்புச் செய்து எல்லோர் முன்னாலும் மாட்டிக்கொண்டதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் சமூகப்பணி படித்து முடித்திருந்தேன். வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். "ஆறு மாசம் போய்ப் பாக்கறேம்மா, சரிப்படலைன்னா வந்தர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு, அதுதான் ஆபீஸ். அதை நடத்தியவரை எல்லோரும் சார் என்போம். எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதற்காகத்தான் அவர் என்னை வேலைக்கு எடுத்தார்.

சேர்ந்து நாலு மாதம் இருக்கும். எங்களுக்கு உதவும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து வயதான ஒரு பெண்மணியும் ஓர் இளைஞரும் வந்தார்கள். அவர்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனோம். ஊரைத் தாண்டி முக்கால் கிலோமீட்டரில், பொள்ளாச்சி போகிற ரோட்டில், தாழ்த்தப்பட்ட மக்களின் காலனி. அங்கே எங்கள் பெண்கள் சங்கம் இருந்தது. பெரும்பாலானவர்கள் பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில்லுக்குப் போகிறவர்கள். முந்தின நாளே சார் போய், "தையல் மெஷின் வேணும்னு சொல்லுங்க, அதுதான் கெடைக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

சத்துணவுக் கூடத்தில் கூட்டம். ஊர்த் தலைவரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்க்க எங்கள் பெரியப்பா மாதிரியே இருந்தார். நானும் அவரைப்போலவே நிலம், தோட்டம் உள்ள ஊர்க் குடும்பத்துப் பெண்தான்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் தமிழில் சொன்னேன். என் வயதுள்ள ஒரு பெண் எழுந்தார். அவரும் நார் மில்லுக்குப் போகிறவர்தான்.

"தையல் மெஷின் வந்தா நல்லதுதானுங்க. ஆனா எங்களுக்கு மொதல்ல பஸ் நிக்கோணுங்க. ஊருல நிக்குது, எங்க காலனில நிக்காம எங்களப் பாத்துக்கிட்டே போகுது. அதனால நாங்க திரும்பி ஊருக்கு நடந்துபோயி ஏறறோம். அங்கயும் எல்லாரும் ஏறி முடிச்சாத்தான் நாங்க ஏறலாம். சீட்டு காலியாக் கெடந்தாலும் நின்னுட்டேதான் போகோணும். உக்காந்தா மொறைக்கறாங்க."

தலைவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவர்கள் நன்றி சொல்கிறார்கள், தையல் மெஷின் உதவியாக இருக்கும், போக்குவரத்தில் சில சிரமங்கள்" என்று இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பெண் உட்காரவில்லை.

"ஏனுங்க மேடம், நான் இத்தன நேரம் பேசினனே, நீங்க ரெண்டே வார்த்தைல முடிச்சுப்போட்டீங்க. அதுல பஸ்ஸுங்கற வார்த்தையே வல்லீங்களே. இங்கிலீசுலயும் அது பஸ்ஸுதானுங்களே?"

கூடமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விருந்தாளிகள் என்னைக் கேட்டார்கள். தலைவர் பக்கம் திரும்பாமல், முதலிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக எல்லாவற்றையும் சொன்னேன். நான் பாதியை விழுங்கியதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. தலைவர் எழுந்து வெளியே போனார்.

வெளிநாட்டுப் பெண்மணி நோட்டை மூடிவிட்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். எல்லோரும் போய் ரோட்டோரம் நின்றோம். வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் டவுன் பஸ் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "எங்கீங்க போகோணும்?" என்றார். அதற்குள் நாலைந்து பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார்கள். ஒரு வேலையும் இல்லாமல் பொள்ளாச்சி வரைக்கும் உட்கார்ந்து போய்விட்டுத் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் பஸ் நிற்கவில்லை. "ஏம்மணி, மெஷினும் போச்சு, பஸ்ஸும் போச்சா?" என்றார் சார். ஆனால் மனு எழுத அவரே வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். பெண்கள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு கோயமுத்தூர் வந்தார்கள். மனுவை அந்தப் பெண் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஒரு வார்த்தையும் விடாமல். இரண்டாம் முறை போனபோது ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடியே வந்தார். கொஞ்ச நாளில் காலனியில் பஸ் நிற்க உத்தரவும் வந்தது.

வெளிநாட்டுப் பெண்மணி தன் ஊரிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில், பஸ் நிற்கிறதா என்று கேட்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து அவர்தான் என்னை அவர்கள் நிறுவனத்து வேலைக்கு அழைத்தார். மற்றதெல்லாம் அதன்பிறகு வந்தது. எந்த நாட்டில் போய் இறங்கினாலும், எனக்கு மொழிபெயர்க்க வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: என்னைத் திட்டினாலும் அப்படியே சொல்லுங்கள். தையல் மெஷின்களும் அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வருடமே காலனிக்கு வந்து சேர்ந்தன.

அதற்கெல்லாம் முன்னால், நிறுத்தத்துக்குப் பலகை நட்ட மறுநாள் காலை நான் காலனிக்குப் போயிருந்தேன். பஸ் வந்தது, நின்றது. அந்தப் பெண் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஊர்க்கார அம்மா ஒருவர் சட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை.

"நிக்கறவங்க நிக்கட்டுங்க. எனக்குக் காலு நோவுது. நீங்க வந்து உக்காருங்க மேடம்" என்றார்.

உட்கார்ந்தேன். பொள்ளாச்சி வரைக்கும் அவர் மில் மேஸ்திரி பேசுகிற மாதிரியே பேசிக் காட்டிக்கொண்டு வந்தார். எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு.