அவர் வேண்டிக்கொண்ட காவடி

என் மகனுக்கு நாலு மாதம் ஆனபோது ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணி மலைக்கு நான் புஷ்பக் காவடி எடுக்கப்போகிறேன் என்று ஆர்.கே.பேட்டையில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான்.

வேண்டிக்கொண்டவர் என் கணவர். பையன் பிறந்தால் பெண்டாட்டி பட்டினி கிடந்து, வெறுங்காலோடு படியேறிக் காவடி எடுப்பாள் என்று முருகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். விசைத்தறி ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டேன்.

"வேண்டிக்கினது நீங்க. நா ஏங்க தூக்கணும்?"

"பெத்தது நீதானே? தாய் தூக்கினாத்தான் பலன்," என்றார், அறுந்த இழையை முடிந்துகொண்டே.

எனக்கு ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர், தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவளுக்காக எந்தச் சாமியிடமும் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

கிருத்திகையன்று காலையில் சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்டு, ஈரமான மஞ்சள் புடவையோடு காவடியைத் தோளில் வாங்கினேன். அவரும் மாமியாரும் குழந்தைகளும் தார் ரோடு வழியாக வேனில் மேலே போனார்கள்.

"உன்கூட ஏறலான்னுதான் பாத்தேன். முட்டி வலிக்குது," என்றார். முந்தின வாரம்தான் அந்த முட்டியோடு சினிமா டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று, முண்டியடித்து முதல் ஆளாக உள்ளே போனார்.

படி சுட்டது. பின்னால் வந்த கூட்டம் அரோகரா என்று தள்ளியது. பாதி மலை ஏறுவதற்குள் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. ரவிக்கை நனைந்தது, அழுத்தி மூடக் கை இல்லை, இரண்டும் காவடியில் இருந்தன. கண் இருட்டியது. அங்கிருந்த மண்டபத்துத் தூணில் சாய்ந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொம்பை நீட்டினாள். கனகம்மாசத்திரத்துக்காரியாம்.

"குடி மா."

"உபவாசம் கா."

"பால் குடுக்குறவளுக்கு இன்னா உபவாசம்? யாரு வேண்டிக்கினது?"

"வூட்டுக்காரரு."

"அவரு எங்க?"

"வேன்ல போய்க்கினு இருக்காரு."

அவள் எழுந்து வந்தாள். சொம்பை என் வாயருகே பிடித்தாள். முழுவதும் குடித்தேன். அதுவரை அழுகையாக இருந்தது, அந்தத் தண்ணீரோடு கோபமாக மாறியது. மிச்சப் படிகளை அந்தக் கோபம்தான் ஏறியது.

மேலே கோயில் வாசல் பந்தல் நிழலில் அவர் கலர் குடித்துக்கொண்டிருந்தார். மாமியார் மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா இவ்ளோ லேட்டு? கொழந்த கத்திகினு கீறான், பாரு."

காவடியை அவர் காலடியில் இறக்கினேன். பிள்ளையை வாங்கி, திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவன் விழுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

"சீக்கிரம் எடு. சன்னதிக்குப் போலாம்," என்றார்.

"நீங்க எடுங்க."

"இன்னாடி பேசுற?"

"வாய் உங்களுது. தோளும் உங்களுதா இருக்கட்டும். மலை ஏறினது எம் புள்ளைக்காக. இனிமே ஒரு அடிகூடத் தூக்க மாட்டேன்."

"சாமி குத்தம் ஆயிடும் மா," என்றார் மாமியார்.

"ஆவட்டும் அத்தே. சாமிகிட்ட நா பேசிக்கிறேன்."

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. சுற்றிலும் நின்றவர்கள் திரும்பினார்கள். எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர்கூட அதில் இருந்தார்கள். அவர் பாட்டிலை வைத்துவிட்டு, முகம் கறுத்து, காவடியைத் தூக்கினார். நான் மகனை இடுப்பிலும் மகளைக் கையிலும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அதோடு திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. சில வருடம் கழித்துத் தறி மோட்டார் எரிந்தபோது, மகளின் முடியைக் காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்டார். அவளுக்குச் சடை இடுப்பைத் தொடும். வாசற்படியில் குறுக்கே நின்றேன்.

"உங்க தலைல முடி இல்லயா?" என்று கேட்டேன்.

மொட்டையடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். எவ்வளவு பக்தி என்று தெருவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.