பின்னோக்கி நடப்பவர்

தெருவில் அவரை 'ரிவர்ஸ் அக்கா' என்றுதான் அழைப்பார்கள். இடுப்பில் தேங்காய் நாரைச் செருகிக்கொண்டு, இரு கைகளாலும் அதைச் சீராக விட்டுக்கொடுத்தபடி, முப்பத்தொரு ஆண்டுகளாகப் பின்னோக்கி நடந்தே கயிறு திரிப்பவர் அவர். களத்தின் நீளம் நூறு அடி. நாளொன்றுக்கு எண்பது இழை. கணக்கிட்டுப் பார்த்தால், அன்றாடம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டரைத் திரும்பிப் பார்க்காமலே கடக்கிறார். மறுமுனையில் அமர்ந்து ராட்டை சுற்றுவது கணவரின் வேலை.

அருங்காட்சியகத்தின் பழைய ஓவியங்களுக்குப் பதிவேடு தயாரித்தபோது, கருவிகளின் பெயர்களைக் கேட்பதற்காக இருவரையும் அழைத்திருந்தேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டு அதிகாரி ஒருவருக்காக வரையப்பட்ட கிராமத் தொழிலாளர் படங்கள் அவை. உழவர், குயவர், தச்சர் எனத் தாளுக்கு ஒரு தொழில், ஒரு தம்பதி. ஒன்பதாம் தாளில் ஆண் ராட்டையருகே அமர்ந்திருக்கிறான். பெண் இடுப்பில் நாருடன் நிற்கிறாள். 'கயிறு திரிப்பவனும் அவன் மனைவியும்' என்று ஓவியர் அடியில் எழுதியிருந்தார்.

அதை வாசித்துக் காட்டியதும் அக்காவின் முகம் மாறியது. நார் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் திரிப்பவர், படத்திலிருக்கும் அந்த ஆள் வெறுமனே ராட்டை சுற்றுகிறவன் என்றார். கணவரும் தயங்காமல் தலையாட்டினார். அருங்காட்சியகக் காப்பாளரிடம் இதைத் தெரிவித்தேன். ஓவியரின் எழுத்தைத் திருத்தத் தமக்கு அதிகாரமில்லை என்று அவர் கைவிரித்துவிட்டார். படத்தின் கீழே வைக்கும் விளக்க அட்டையிலும் அதே வரியை அச்சிட்டார். போதாக்குறைக்கு, ஓவியக் கண்காட்சியின் தொடக்க நாளில் தொழிலைச் செய்துகாட்டவிருந்த இவர்களையும் அழைப்பிதழில் அப்படியே குறிப்பிட்டார்.

வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

கூட்டம் சேர்ந்ததும் அக்கா நேராகப் போய் ராட்டையருகே அமர்ந்தார். கணவர் நாரை இடுப்பில் செருகினார். நான்கடி நகர்வதற்குள் இழை அறுந்தது. மறுபடி தொடங்கினார்; மறுபடியும் அறுந்தது. மூன்றாம் முறை ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் சிரித்தது. காப்பாளர் விரைந்து வந்து, மானத்தை வாங்க வேண்டாம், வழக்கம்போல் செய்யுங்கள் என்று கெஞ்சினார்.

"அட்டையில போட்டபடிதான் சார் செய்றோம்," என்றார் அக்கா.

"நான் சுத்தறவன் சார். தெரியாத வேலையில என்னை இப்படி மாட்டி விட்டுட்டீங்களே," என்றார் கணவர், முழங்காலைத் தேய்த்தபடி.

இருநூறு வருடத்து எழுத்தில் எப்படிக் கைவைப்பது என்று காப்பாளர் மீண்டும் தொடங்கினார்.

"அதை யாரு தொடச் சொன்னா? அது அவரு எழுதினது. கீழ இருக்கற அட்டை நீங்க எழுதினதுதானே, அதை மாத்துங்க. அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்து சுத்தறேன். எனக்கும் கால் வலி இல்லாம இருக்கும்."

ராட்டை சும்மா சுழன்றுகொண்டிருந்தது. காப்பாளர் கூட்டத்தைப் பார்த்தார், அட்டையை எடுத்துத் திருப்பினார், சட்டைப்பையிலிருந்து பென்சிலை உருவினார்.

"பென்சில் வேணாம் சார். பேனா."

என் பேனாவைக் கொடுத்தேன். 'கயிறு திரிப்பவளும் ராட்டை சுற்றும் அவள் கணவனும்' என்று அவர் எழுதினார். அக்கா அதை வாங்கி என்னிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் எழுந்தார். கணவரின் இடுப்பிலிருந்த நாரை உருவித் தம் இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் நின்றவர்களை வழிவிடச் சொன்னார்.