நிருஷா மாற்றிப் போட்ட சத்தம்

வவுணதீவில் நிருஷா செய்கிற வேலையை அயலில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எங்கோ ஒரு நாட்டில் பதிவு செய்த சத்தத்தைக் கேட்டு, அதற்குரிய இங்கிலிஷ் சொல்லைத் தட்டிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குக் காது பழக்குகிறார்களாம். பழக்கட்டும்.

தண்ணீர்ச் சத்தத்தில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். ஸ்பிளாஷ் என்று ஒன்று, பிளொப் என்று ஒன்று. விழுந்த பொருள் தண்ணீரைச் சிதறடித்தால் முதலாவது. சிதறாமல் 'தொபுக்' என்று நேரே உள்ளே போனால் இரண்டாவது. நிருஷா இதற்கு ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பா அழகரத்தினம் நாற்பது வருடமாக வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். வட்டமாக விரிந்து விழுகிற வலையின் சத்தம் வேறு, சுருண்டு விழுகிற வலையின் சத்தம் வேறு. கரையில் நின்று அதைக் கேட்டே அன்றைக்கு மீன்கறி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

வினை வந்ததும் அந்தக் காதால்தான். சுருண்டு விழுந்த ஒரு வலையின் சத்தத்துக்கு அவள் பிளொப் போட்டாள். சரிபார்க்கிறவர் திருப்பி அனுப்பினார்: வலை வீசினால் ஸ்பிளாஷ், அவ்வளவுதான். ஏற்கெனவே அவள் பெயரில் இரண்டு பிழை. மறுத்து எழுதலாம்; தோற்றால் அது மூன்றாவது, வேலை போய்விடும். மாற்றிப் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. பின்னேரம் நாலு மணி வரை தவணை கொடுத்திருந்தார்கள்.

மூன்று மணிக்கு அப்பா முற்றத்தில் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிருஷா ஹெட்செட்டை அவர் காதில் மாட்டினாள்.

"இது என்ன அப்பா?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொருக்கா போடச் சொன்னார்.

"வலைதான். ஆனா விரியல்ல மகள். கை பதறிட்டு அவனுக்கு. ஒரு மீனும் பட்டிராது."

"நிச்சயமா?"

"நாப்பது வருசமாக் கேக்கிறன், என்னட்ட நிச்சயமா எண்டு கேக்கிறா! நீ என்ன போட்ட?"

"விரியல்ல எண்டுதான்."

"பின்ன? என்ட புள்ளயெல்லோ!" அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

நிருஷா உள்ளே போனாள். அந்த வீட்டில் மாதாமாதம் சம்பளம் என்று வருவது அவளுக்கு மட்டும்தான். நாலு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது பிளொப்பை அழித்துவிட்டு ஸ்பிளாஷ் போட்டாள். நன்றி என்று பதில் வந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே அடுத்த சத்தத்தைத் திறந்தாள்.

சாப்பிடும்போது அப்பா மறக்காமல் கேட்டார்.

"அவனுகள் ஒத்துக்கொண்டானுகளா?"

"ஓம் அப்பா."

மறுநாள் தோணித்துறையில் அப்பா ஒருவரையும் விடவில்லை. "வெள்ளக்காரனுக்கு வலைச் சத்தம் சொல்லிக் குடுக்கிறது என்ட மகள்தான்" என்று தோணி தோணியாகப் போய்ச் சொன்னார்.

அந்த வாரம் நிருஷாவுக்கு இன்னும் ஆறு வலைகள் வந்தன. அதில் நாலு விரியவே இல்லை. ஆறுக்கும் ஸ்பிளாஷ் போட்டாள். ஆறும் சரி என்று வந்தது.