முள் நாற்பதில்தான் இருந்தது

எண்பதுகளின் தொடக்கம். தென்காசியில் என் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக என்னைச் சிவகிரிக்கு அழைத்துப் போக அப்பாவும் அம்மாவும் வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்த மதியம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்.

கிளம்பும்போது மாமியார் டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். “அண்ணாச்சி, பிள்ள வாயும் வயிறுமா இருக்கா. முள்ளு நாப்பதத் தாண்டப்பிடாது.”

டிரைவரும் அப்படியே ஓட்டினார். முன் சீட்டில் அப்பா வேறு, பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடையநல்லூர் தாண்டியதும் எனக்கு என்னவோ போலிருந்தது. புளியமரங்கள் சர்சர்ரென்று பின்னால் ஓடின. பள்ளம் வரும்போதெல்லாம் அடிவயிறு தூக்கிப் போட்டது. வேகமாகப் போகிறது என்றேன். அப்பா மீட்டரைப் பார்த்துவிட்டு, நாற்பதுதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னேன். இந்த மாதத்தில் அப்படித்தான் தோன்றும் என்று அம்மா முதுகைத் தடவிவிட்டாள். மூன்று பேரும் முள்ளை நம்பியபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

புளியங்குடிக்கு முன்னால் ஒரு வளைவில் வைக்கோல் வண்டி நின்றது. டிரைவர் பிரேக் பிடிக்க, ஈர ரோட்டில் கார் வழுக்கிக் குறுக்கே திரும்பி, ஒரு புளியமரத்துக்குச் சாண் தூரத்தில் போய் நின்றது. வயிற்றை இரண்டு கையாலும் அணைத்தபடி முன் சீட்டில் மோதியதில் என் வளையல்கள் நொறுங்கிவிட்டன. கையில் ரத்தம் வந்ததை நான் கவனிக்கவில்லை. வயிற்றுக்குள் அசைவே இல்லை. என் பயமெல்லாம் அதுதான்.

மரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் கழித்து விலாவில் ஒரு உதை விழுந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுபடி கார் மெதுவாகக் கிளம்பியது. அப்போதும் எனக்கு ஏதோ பொருந்தவில்லை.

“அப்பா, முள்ளு இருவதுல நிக்கு. அப்படின்னா ஒரு கிலோமீட்டர் கல்லுக்கு மூணு நிமிஷம் ஆகணும். வாட்சப் பாருங்க.”

இரண்டு நிமிடத்தில் அடுத்த கல் வந்துவிட்டது. அப்பா நம்பாமல் இன்னொரு கல்லுக்கும் பார்த்தார். அதற்கும் இரண்டுதான். டிரைவர் காரை ஓரங்கட்டினார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். காரின் கியர்பாக்ஸ் பழுதாகிவிட, குற்றாலம் சீசன் சவாரியை விடக் கூடாதென்று, போன வாரம்தான் வேறொரு மாடல் காரின் பழைய கியர்பாக்ஸை மாட்டியிருக்கிறார். சக்கரம் சுற்றுவதை மீட்டருக்குக் கொண்டுபோகும் குட்டிப் பல்சக்கரமும் அதோடு வந்ததுதான். பிறகு சிவகிரியில் மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டினார். இந்தக் காருக்கு வேண்டியதைவிடப் பற்கள் அதிகம். அதனால் அது மெதுவாகச் சுற்ற, முள்ளும் குறைத்தே காட்டியிருக்கிறது. நாங்கள் அறுபதில் பறந்திருக்கிறோம். அண்ணாச்சி பாவம், மாமியார் சொன்ன நாற்பதைத் தாண்டவே இல்லை.

அன்று காரை ஓரங்கட்டிய இடத்திலிருந்து சிவகிரி வரை அப்பா மீட்டர் பக்கம் திரும்பவில்லை. பின்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“இது போதுமாம்மா? இன்னும் மெதுவாப் போகச் சொல்லட்டா?”

அன்று உதைத்தவள் இன்று கார் ஓட்டுகிறாள். பக்கத்தில் இருப்பவர் யாராவது பயமாயிருக்கிறது என்றால் மீட்டரைக் காட்டி வாதாட மாட்டாள். முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம்தான் ஏனென்று கேட்பாள். இந்த ஒன்றை மட்டும் நான் விடாமல் சொல்லி வளர்த்திருக்கிறேன்.